சோழமண்டலக் கரையில் வால்வெள்ளி

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தில் துருவ நட்சத்திரத்தைத் தேடுகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11¾ பாகை வடக்கே இருப்பதால், அந்த நட்சத்திரமும் வடக்கு அடிவானத்திலிருந்து அதே 11¾ பாகையில்தான் நிற்கும். கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. துருவ நட்சத்திரம் அதற்குச் சற்றே மேலே. ஒரு பனைமரமோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ போதும், மறைத்துவிடும். தெற்கே திரும்பினால் நிலைமை வேறு. சித்திரை, வைகாசி இரவுகளில் திரிசங்கு என்ற தென்சிலுவை மண்டலம் முழுதாகத் தெரியும். அதன் இடப்பக்கம் ஆல்ஃபா சென்டாரியும் பீட்டா சென்டாரியும் ஜோடியாக நிற்கும். லண்டனிலும் பாரிசிலும் இவை உதிப்பதே கிடையாது. கடலூர், புதுச்சேரி, சென்னை என்று நீளும் கரையிலும், உள்ளே கொடைக்கானல், சவ்வாது மலைகளிலும் 330 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைநோக்கியில் வால்வெள்ளி பார்த்தவர்களுக்கு இந்தத் தென்வானம்தான் முதல். செலவு எழுதும் பக்கத்தில் மேகம் இருந்தது.

வால்வெள்ளியைத் தமிழர் பார்த்தது தொலைநோக்கிக்கு வெகுகாலம் முன்பே. புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலர் அதைத் தூமம் என்கிறார். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் அது புகைக்கொடி. இரண்டு இடத்திலும் பேச்சு ஒன்றே: சனி புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், வெள்ளி தெற்கே போனாலும் பாரியின் நாடு விளையும், காவிரி பொய்க்காது. மற்ற நாடுகளில் அப்படி நடந்தால் மழை பொய்க்கும் என்பது சொல்லாமலே விளங்கும் நம்பிக்கை. பிற்காலத்தில் தூமகேது என்ற வடசொல் பரவியது. மழைக்கு ஆகாது என்பதோடு அரசனுக்கும் ஆகாது என்பது சேர்ந்துகொண்டது. வால்வெள்ளி வந்தால் மழை போகும் என்றார்கள். இந்தக் கரையில் பதிவான வரலாறு அதற்குத் தலைகீழ். மழை வந்துதான் வால்வெள்ளி போயிருக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. கிரகணம் பயமுறுத்தும் காட்சிதான் என்றாலும் அது கணக்குக்குள் வந்துவிட்டது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-இல் வெளிவந்த தம் கால சங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். கிரகங்களின் நடையும் அப்படியே பஞ்சாங்கத்துக்குள் அடங்கியது. வால்வெள்ளி மட்டும் எந்தச் சோழிக்கும் அடங்காமல், சொல்லாமல் வந்து சொல்லாமல் போனது. ஐரோப்பாவிலும் 1705-இல் எட்மண்ட் ஹாலி, வால்வெள்ளி திரும்பி வரும் என்ற தம் கணக்கை வெளியிடும் வரை இதே கதைதான்.

இந்தக் கரையில் தொலைநோக்கி வழியாக வால்வெள்ளி பார்த்ததற்கான பழைய பதிவு 1689 டிசம்பருக்கு உரியது. இடம் புதுச்சேரி; மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வடகிழக்கே முப்பது கிலோமீட்டர் அளவில். பார்த்தவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். பதினான்காம் லூயி மன்னர் சயாம் நாட்டு அரசவைக்கு அனுப்பிய கணிதப் பாதிரிமார் குழுவில் ஒருவர் இவர். 1688-இல் சயாமில் மன்னர் நாராய் இறந்து ஆட்சி மாறியதும் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே இருக்க முடியாமல் போயிற்று. ரிஷோ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். கூடவே 12 அடி நீளத் தொலைநோக்கியும் வந்தது.

அந்தக் காலத்துத் தொலைநோக்கிகள் நீளத்தால்தான் அளக்கப்பட்டன. ஒற்றைக் கண்ணாடி வில்லை தரும் பிம்பத்தின் விளிம்பில் வண்ணச் சிதறல் தோன்றும். அதைக் குறைக்க ஒரே வழி குவியத் தூரத்தை நீட்டுவது. ஆகவே கையகலம்கூட இல்லாத வில்லைக்கு ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான குழாய். அதைக் கம்பத்தில் கட்டித் தூக்கி, விடியலுக்கு முன் தென்கிழக்கே தாழ்வாகத் தெரிந்த வால்வெள்ளியை ரிஷோ பின்தொடர்ந்தார். வால்வெள்ளி சென்டாரஸ் மண்டலப் பக்கம் நகர்ந்தது. டிசம்பர் 19 அன்று, அந்த மண்டலத்தின் பாதத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு என்பதை அவர் கண்டார். அதுதான் ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரக் குடும்பம் அது என்பதும், அந்த இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதும் பின்னால் தெரியவந்தவை. இந்தியாவிலிருந்து தொலைநோக்கியால் செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பாக இதைச் சொல்வதுண்டு. புதுச்சேரியில் அந்த நட்சத்திரம் உச்சியில் இருக்கும்போதே அடிவானத்திலிருந்து 19 பாகைக்கு மேல் போகாது. பாரிசில் எழவே எழாது. வால்வெள்ளி அந்தப் பக்கம் போயிருக்காவிட்டால் 12 அடிக் குழாய் அங்கே திரும்பியிருக்குமா என்பது சந்தேகமே. டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை ஓயும் மாதம். இடையில் வானம் திறந்தது ரிஷோவின் அதிர்ஷ்டம்.

அதே ஊரில் எண்பது ஆண்டு கழித்து மற்றொரு பிரெஞ்சுக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. 1769 ஜூன் மாதம் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்கக் காத்திருந்த லெ ஜெந்தியின் கதை பலருக்கும் தெரிந்தது. பல நாள் தெளிந்திருந்த வானம் அந்த ஒரு காலையில் மூடிக்கொண்டது. வால்வெள்ளிக் கதை அல்ல என்றாலும் இந்தக் கரையின் வானத்தைப் பற்றிச் சொல்லும்போது விடமுடியாத கதை.

சென்னையில் 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் வீட்டில் நடத்திய தனியார் வானாய்வகம், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகமாக நிலைபெற்றது. அதன் நினைவாக நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. தாமஸ் டெய்லர் அங்கிருந்து அளந்து வெளியிட்ட நட்சத்திரப் பட்டியலில் 11,000-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். வால்வெள்ளி பார்ப்பவருக்கு அப்படியொரு பட்டியல் ஏன் வேண்டும் என்பது 1872-இல் நடந்ததைப் பார்த்தால் புரியும்.

அந்த ஆண்டு நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. எல்லாம் ஆண்ட்ரோமெடா மண்டலத்திலிருந்து பாய்வதுபோல் தெரிந்தன. பீலா என்ற வால்வெள்ளியின் பாதையைப் பூமி கடந்த இரவு அது. 6.6 ஆண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பீலா 1846-இல் கண்ணெதிரே இரண்டாகப் பிளந்து, 1852-இல் கடைசியாகத் தென்பட்டு, பிறகு காணாமல் போயிருந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த வானியலர் கிளிங்கர்ஃபூஸ் இப்படி யோசித்தார்: எரிகற்கள் ஆண்ட்ரோமெடா பக்கமிருந்து வந்தன என்றால், அந்தக் கூட்டத்தோடு வந்த வால்வெள்ளி பூமியை உரசிவிட்டு நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கும், அது தீட்டா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் அருகில் இருக்க வேண்டும். அந்த நட்சத்திரம் கோட்டிங்கனில் அடிவானத்தைவிட்டு மூன்று பாகைகூட எழாது. சென்னையில் 41 பாகை எழும். நவம்பர் 30 அன்று அவர் சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி அடித்தார். பீலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடவும் என்பது அதன் சாரம். ரஷ்யா வழியாக வந்த அந்தத் தந்தி 1 மணி 35 நிமிடத்தில் நுங்கம்பாக்கம் வந்து சேர்ந்தது.

பெற்றுக்கொண்டவர் நார்மன் போக்சன். நட்சத்திரங்களின் ஒளியளவுக்கு இன்றும் புழங்கும் அளவுகோலை வகுத்தவர் இவரே. ஒரு படிக்கு 2.512 மடங்கு என்பது அவர் 1856-இல் முன்வைத்த கணக்கு. 1861-இல் சென்னைக்கு வந்த கையோடு ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தவர். அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதே 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியரில் அவரே முதல்வர்.

தந்தி வந்த பிறகு இரண்டு விடியற்காலைகளில் போக்சன் 4 மணியிலிருந்து சூரியன் எழும் வரை தொலைநோக்கியருகே நின்றார். மேகமும் மழையும். மூன்றாம் நாள் 5¼ மணிவாக்கில் மேகத்தில் சிறு நீலத் திறப்பு. அதற்குள் வட்டமாக, நடுவில் ஒளிக்கருவோடு, வால் இல்லாமல் ஒரு மங்கல் பொருள். விடியல் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பெயரில்லாத நட்சத்திரம் ஒன்றோடு நான்கு முறை ஒப்பிட்டு அளக்கத்தான் நேரம் இருந்தது. நான்கு நிமிடத்தில் அது இடம் நகர்ந்திருந்தது. நட்சத்திரமோ நெபுலாவோ அப்படி நகராது. அளவில் 45 விகலை என்று குறித்துக்கொண்டார். மறுநாள் காலை இன்னும் நல்ல காட்சி. பதினொரு அளவைகள், ஒப்பிட்ட நட்சத்திரங்களில் ஒன்று டெய்லர் பட்டியலின் 7734-ஆம் எண். இப்போது அகலம் 75 விகலை, பின்னால் 8 கலை நீளத்துக்கு மெல்லிய வால், அதாவது முழுநிலவின் அகலத்தில் கால்பங்கு. அதற்கடுத்த நாள் மேகமும் மழையும் திரும்பிவிட்டன.

தேதியில் ஒரு சிறு சிக்கல் உண்டு. அக்கால வானியலர் நண்பகலில் நாளைத் தொடங்கினார்கள். போக்சனின் ஏட்டில் டிசம்பர் 2, 3 என்று இருப்பவை ஊர்க் கணக்கில் டிசம்பர் 3, 4 விடியற்காலைகள். நூல்களில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும்.

ஒரு வால்வெள்ளியின் பாதையைக் கணிக்க, வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று இடக்குறிப்புகளாவது வேண்டும். போக்சனிடம் இருந்தவை இரண்டு. இன்னும் ஒரே ஒரு விடியற்காலை திறந்திருந்தால் கணக்கு முடிந்திருக்கும். பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அவர் கண்ட பொருள் பீலாவின் பாதையோடு பொருந்தவில்லை என்றும், அது தற்செயலாக அந்தத் திசையில் இருந்த வேறொரு வால்வெள்ளியாக இருக்க வேண்டும் என்றும் முடிவு கட்டினார்கள். பட்டியல்களில் அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1. முன்னால் நிற்கும் எக்ஸ், நம்பத்தக்க பாதை கணிக்க முடியாத வால்வெள்ளி என்பதன் அடையாளம். சென்னையின் டிசம்பர் மேகம் சர்வதேசப் பட்டியலில் ஓர் எழுத்தாக இன்றும் நிற்கிறது.

போக்சன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து எழுதினார். ஒளிப்படம் அப்போது பிறந்திருந்தது. வால்வெள்ளிக்கு இன்னும் பழகவில்லை. 1858 செப்டம்பர் 27 அன்று இங்கிலாந்தில் உருவப்படக்காரர் வில்லியம் அஷர்வுட், ஆட்களைப் படமெடுக்கும் லென்ஸைக் கொண்டு டொனாட்டி வால்வெள்ளியை 7 விநாடியில் பதித்ததே முதல் படம். திருப்பம் 1882-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் வானாய்வகத்தில் டேவிட் கில், அவ்வாண்டின் பெரும் வால்வெள்ளியைப் படம்பிடிக்க உள்ளூர் ஒளிப்படக்காரர் ஒருவரை வரவழைத்து, அவருடைய கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டினார். தொலைநோக்கி வழியாகப் பார்த்து வால்வெள்ளியின் தலையைக் குறுக்குக் கம்பியில் நிறுத்திக்கொண்டே இருக்க, மேலே கேமரா இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் திறந்திருந்தது. வால்வெள்ளியோடு ஏராளமான நட்சத்திரங்களும் ஒளிப்படத் தட்டில் பதிந்திருந்ததைக் கண்ட பிறகுதான் ஒளிப்படத்தாலேயே நட்சத்திரப் பட்டியல் தயாரிக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. கேமராவைத் தொலைநோக்கியின் முதுகில் ஏற்றும் அந்த வித்தையைத்தான் ஆர்வலர்கள் இன்றும் செய்கிறார்கள்.

1899-இல் சென்னை வானாய்வகத்தின் வேலை கொடைக்கானலுக்கு மாறியது. அடிப்படையில் அது சூரிய ஆய்வகம். மேகங்களுக்கு மேலே 2,300 மீட்டருக்கும் அதிகமான உயரம். 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் சூரியனின் நிறமாலையில் தேர்ந்தவர். 1910-இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது சூரியனுக்கான கருவிகளை இரவுக்குத் திருப்பி, அதைக் கண்ணாடித் தட்டுகளில் பதித்தார். 

அக்காலத் தட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணத் தட்டு நீல ஒளியையே நன்றாக வாங்கும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. வால்வெள்ளிக்கு வால் இரண்டு. தூசியால் ஆனது சூரிய ஒளியைத் திருப்பி மஞ்சளாக, வளைந்து தெரியும். வாயுவால் ஆனது மின்னூட்டம் பெற்று நீலமாக, சூரியனுக்கு எதிர்த்திசையில் நேராக ஓடும். கண்ணுக்குத் தூசி வால் பளிச்சென்று பட, தட்டில் வாயு வால் தூக்கலாக விழும். கண்ணால் பார்த்து வரைந்த படமும் அதே இரவின் ஒளிப்படமும் வெவ்வேறு வால்வெள்ளியைப் போலத் தோன்றுவதற்குக் காரணம் அது.

1910 மே மாதம் முதல் பாதியில் விடியலுக்கு முன் கிழக்கே நின்ற ஹாலியின் வால் ஒரு கட்டத்தில் 100 பாகைக்கு மேல் நீண்டதாகப் பார்த்தவர்கள் எழுதினார்கள். வானத்தின் பாதிக்கும் மேல். மே 6 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்தார். அரசனுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. மே 19-ஐ ஒட்டிப் பூமி அந்த வாலுக்குள் நுழையும் என்றும், வாலில் சயனோஜன் நஞ்சு இருக்கிறது என்றும் உலகப் பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. நடந்தது ஒன்றுமில்லை.

புதுச்சேரியில் அப்போது சுப்பிரமணிய பாரதி இருந்தார். அவர் எழுதிய சாதாரண வருஷத்துத் தூமகேது என்ற பாடல் இந்த ஹாலியைப் பற்றியது. சாதாரண என்பது அறுபது தமிழ் ஆண்டுகளில் ஒன்றின் பெயர். 1910 ஏப்ரலில் பிறந்த ஆண்டு. இது தெரியாமல் அந்தத் தலைப்பைச் சாதாரணமான வருடம் என்று படிப்பவர்கள் இன்றும் உண்டு. வால் மெல்லிய வாயுவால் ஆனது, பூமியைத் தொட்டாலும் ஏழைகளுக்கு இடர் செய்யாது என்று சொல்கிறார்களே என்று பாரதி வால்வெள்ளியோடு பேசுகிறார். கூடவே, இந்த நாட்டவர் தம் பழைய நூல்களை மறந்துபோனதால் அதன் இயல்பைப் பிறர் சொல்லக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தையும் சொல்கிறார். ரிஷோ குழாயைத் திருப்பிய அதே ஊர். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. இடைப்பட்ட 220 ஆண்டில் இந்தக் கரையின் கருவிகள் பெரும்பாலும் வந்தவர்களின் கையில்தான் இருந்தன.

அந்த நிலை மாறியதற்கு அடையாளமாக ஒரு பெயரைச் சொல்லலாம். 1927-இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1949 ஜூலை 2 அன்று எடுத்த ஒரு தட்டில் புதிய வால்வெள்ளியைக் கண்டார். பாப்பு, போக், நியூகிர்க் மூவர் பெயரையும் அது தாங்கியிருக்கிறது. பசிபிக் வானியல் கழகத்தின் டோனோ பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. 1960-இல் கொடைக்கானல் இயக்குநரான அவர் இரவு வானத்துக்கென்று ஓரிடம் தேடி, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். காடு சூழ்ந்த 700 மீட்டர் உயரம், நகர வெளிச்சம் எட்டாத தூரம், வடவானம் தென்வானம் இரண்டையும் தொடும் குறுக்குக்கோடு. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கி 1960-களின் இறுதியில் அங்கே ஏறியது; 1972-இல் 1 மீட்டர் கருவி; 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் கருவி. அந்தக் கடைசித் தொலைநோக்கியைப் பார்க்கப் பாப்பு உயிரோடு இல்லை. 1982-இல் காலமாகியிருந்தார்.

1986-இல் ஹாலி மறுபடி வந்தது. சூரியனுக்கு அப்பால் இருந்தபடியே அது தன் உச்ச ஒளியை அடைந்ததால் உலகெங்கும் ஏமாற்றம். பூமியை நெருங்கிய ஏப்ரல் 11 வாக்கில் அது தெற்கே 47 பாகைக்குப் போயிருந்தது. டெல்லியில் அடிவானத்திலிருந்து 14 பாகை உயரம். கடலூர் மாவட்டப் பரப்பில் 31 பாகை. போதாததற்கு அது பங்குனி மாதம், பருவமழை முடிந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் காலம். போக்சனுக்குக் கிடைக்காத வானம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. வெறுங்கண்ணுக்கு மங்கலான பஞ்சுத்துண்டுபோல் தெரிந்த அதைப் பார்த்தே பலர் தொலைநோக்கிப் பக்கம் திரும்பினார்கள்.

வாங்கக் கிடைக்காத காலத்தில் ஆர்வலர்கள் தொலைநோக்கியைத் தாங்களே செய்தார்கள். 6 அங்குலக் கண்ணாடி வட்டு இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால், மேலே உள்ளது மெல்லக் குழியும். 48 அங்குலக் குவியத் தூரம் வேண்டுமென்றால் நடுவில் வேண்டிய பள்ளம் 1.2 மி.மீ. மட்டுமே. அந்தப் பள்ளம் எங்கும் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. அதைச் சரிபார்க்கும் கருவி ஒரு சிறு விளக்கும் சவரப் பிளேடும்தான். கண்ணாடியிலிருந்து திரும்பும் ஒளியைப் பிளேடின் விளிம்பால் வெட்டினால் மேடுபள்ளம் நிழலாகத் தெரிந்துவிடும். தார்போன்ற பிசின்மேல் சீரியம் ஆக்சைடு தடவி மெருகேற்றி, அலுமினியம் பூசி, பிவிசி குழாயில் பொருத்தினால் கருவி தயார். இவ்வளவு பாடுபட்டு ஆக்கியதில் 25 மி.மீ. கண்ணருகு வில்லையைப் போட்டால் உருப்பெருக்கம் ஏறத்தாழ 49 மடங்கு, காட்சிப் பரப்போ ஒரு பாகை அளவு. வால்வெள்ளியின் தலை அழகாகத் தெரியும். வாலை முழுதாகப் பார்க்கச் சாதாரண பைனாகுலரே மேல் என்பதைப் பலரும் கருவியைச் செய்து முடித்த பிறகே கண்டுகொள்வார்கள்.

ஆர்வலர் ஒளிப்படம் பரவலானது 1997-இல் ஹேல்-பாப் வந்தபோது. 1995 ஜூலையில் ஆலன் ஹேல், தாமஸ் பாப் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த இது, 18 மாதம் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் மார்ச், ஏப்ரல் மாலைகளில் வடமேற்கே தாழ்வாக, இரண்டு வாலும் பிரிந்து நின்றது. முக்காலியில் வைத்த கேமரா, 50 மி.மீ. லென்ஸ், வேகமான ஃபிலிம், 10 விநாடி. அதற்கு மேல் போனால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரம் கோடாக இழுபடும். உண்மையான ஆபத்து ஸ்டூடியோ லேபில் காத்திருந்தது. இருண்ட ஃபிரேம்களில் எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் நெகட்டிவை நடுவே வெட்டிவிடுவார்கள். ஒன்றும் விழவில்லை என்று பிரிண்ட் போடாமலே திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அதனால் ரோலின் முதல் படத்தைப் பகலில் வீட்டு வாசலை எடுத்துவிட்டுத் தொடங்குவது வழக்கமாயிற்று. வெட்டுகிறவருக்கு அளவு கிடைக்கும்.

10 விநாடியைத் தாண்ட வேண்டுமென்றால் கேமரா வானத்தோடு சுழல வேண்டும். அதற்குத் தச்சர் கடைத் தீர்வு ஒன்று உண்டு. கீல் போட்ட இரண்டு பலகை. கீலிலிருந்து சரியாக 229 மி.மீ. தூரத்தில் 6 மி.மீ. போல்ட் ஒன்று. அதன் மரையின் இடைவெளி 1 மி.மீ. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கையால் திருகினால் மேல்பலகை மணிக்கு 15 பாகை வீதம் திறக்கும். அதுவே வானம் சுழலும் வேகம். கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இங்கேதான் மேல்பட்டாம்பாக்கத்தின் 11¾ பாகை வந்து மறிக்கிறது. அச்சு கிட்டத்தட்ட தரையோடு படுத்துவிடும். கடையில் விற்கும் இயந்திரத் தாங்கிகள் பலவும் 35, 50 பாகையில் வாழ்கிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கம்பி முக்காலியில் இடிக்கும். முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் செங்கல்லை வைத்துச் சமாளிப்பார்கள். நட்சத்திரமே அடிவானத்துத் தூசியில் மங்கிப் போகும் இரவில் திசைகாட்டியை நம்ப வேண்டியதுதான். தென்வானத்தைத் தந்த அதே குறுக்குக்கோடு வடக்கே கேட்கும் விலை இது.

டிஜிட்டல் கேமரா வந்ததும் இந்தப் பாடு பாதியாகக் குறைந்தது. நீண்ட ஒரே படத்துக்குப் பதில் சில விநாடிப் படங்கள் நூறு எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வால்வெள்ளி நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் தலையை ஒட்டி அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாகும். நட்சத்திரத்தை ஒட்டி அடுக்கினால் வால்வெள்ளி குழம்பும். இரண்டையும் தனித்தனியே செய்து ஒட்டுவதே இன்றைய பழக்கம். அதற்கும் முன்னால் மார்கழிப் பனி உண்டு. திறந்து வைத்த லென்ஸில் அரை மணியில் நீர் பூத்துவிடும். அட்டையைச் சுருட்டி லென்ஸைச் சுற்றிக் கட்டுவது எளிய காப்பு.

வானமும் பழையபடி இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்குத் தென்மேற்கே நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டு, 1962-இல் மின்சாரம் பிறந்தது. சுரங்கத்தில் வேலை இரவிலும் நிற்பதில்லை, அதற்கேற்ற விளக்கு. சாலைகளும் ஊர்களும் சேர்ந்து, அந்தப் பக்கத்து அடிவானம் மேகமில்லாத இரவிலும் வெளுத்திருக்கும். மேகம் கவிந்தால் வெளிச்சம் அதில் பட்டு இன்னும் கூடும். சூரியனை ஒட்டி வரும் வால்வெள்ளிகள் எப்போதும் அடிவானத்தில்தான் தெரியும் என்பதால், உச்சிவானம் இருண்டிருப்பது அவற்றைப் பார்க்க உதவாது. ஆகவே இங்கிருந்து விடியற்காலை வால்வெள்ளி என்றால் கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவதே உசிதம். கிழக்கே கடலில் விளக்கு இல்லை.

2013-இல் பெரிதாக எதிர்பார்க்கப்பட்டு, பள்ளிகளில் பயிற்சி வரை நடந்த ஐசான் வால்வெள்ளி, நவம்பர் 28 அன்று சூரியனை நெருங்கிச் சிதைந்து போனது. 2020 ஜூலையில் நியோவைஸ், ஊரடங்கு நாள்களில் மொட்டைமாடிக் காட்சியாக வடமேற்கே வந்தது. தென்மேற்குப் பருவக் காலத்து மாலை மேகம் பாதி நாள் மறைத்தது. 2024-இல் வந்த சூச்சின்ஷான்-அட்லஸ் இந்தக் கரைக்குச் சாதகமாகத் தொடங்கியது. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் முதல் நாள்களிலும் விடியலுக்கு முன் கிழக்கே எழுந்தபோது, வடக்கே உள்ளவர்களைவிடத் தென்னிந்தியாவில் அது நன்றாகத் தெரிந்தது. வெளுப்பதற்கு முன் கிடைத்தது அரை மணி நேரம். கைபேசியின் இரவு வசதியிலேயே வால் பதிந்தது. பிறகு சூரியனைக் கடந்து, அக்டோபர் 12 அன்று பூமியை நெருங்கி, மாலை வானுக்கு வந்தது. மேற்கே நாளுக்கு நாள் உயரம் கூடிக்கொண்டிருந்தது. அக்டோபர் 15 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. மாத இறுதிக்குள் வால்வெள்ளி பைனாகுலர் இல்லாமல் தேட முடியாத அளவுக்கு மங்கிவிட்டது.